ஊர்ச்சுவையும் ஏட்டுச்சுவையும்: இத்தாலியப் பிராந்தியச் சமையல் நூல்களும் புத்தளக் கரையும்

தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரல்படுத்துமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். விலங்கும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் யாழும் அதன் பின்னரே இடம்பெறுகின்றன. ஒரு நிலத்தார் எத்தெய்வத்தை வழிபடுகின்றனர் என்பதற்கு அடுத்தபடியாக எதனை உண்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும் என்ற தெளிவு இவ்வைப்புமுறையில் உண்டு. பாட்டிலும் இது செயற்பட்டுள்ளது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் நெய்தற் பட்டினத்திற் சுட்ட குழல்மீனைப் பெறுவான். எயினர் குடியிற் புளிச்சோற்றையும் ஆமான் இறைச்சியையும் பெறுவான். மருதநிலத்து உழவர் மனையில் வெண்சோற்றையும் நண்டையும் பெறுவான். ஆற்றுப்படை வழிகாட்டும் பாட்டு மட்டுமன்று. உண்டியின் வாயிலாக நிலங்காட்டும் பாட்டுமாகும்.

இத்தகைய மரபையுடைய மொழியிற் சமையல் நூல் என்னும் எழுத்துவகை இலக்கிய ஆராய்ச்சியாளரின் கவனத்தை அதிகம் பெறாது கிடப்பது வியப்புக்குரியது. அடுக்களையில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் ஏட்டைத் திறனாய்வுக்கு எடுத்தல் தகுமோ என்ற தயக்கமே இதற்குக் காரணமாகலாம். மேனாட்டில் அத்தயக்கம் நீங்கிப் பல்லாண்டுகளாயின. சமையல் நூலை மொழி, வர்க்கம், தேசியம் ஆகியவற்றின் சான்றாகப் படிக்கும் முயற்சிகள் பல அங்கு நடந்துள்ளன. அவற்றுள் இத்தாலியப் பிராந்தியச் சமையல் நூல்கள் பற்றிய விவாதம் தனிக்கவனத்திற்குரியது. உலகெங்கும் வாசகரைக் கவர்ந்த இந்நூல்களிற் கண்டறிந்து கூறப்பட்டது எவ்வளவு, கட்டிக் கூறப்பட்டது எவ்வளவு என்பதைப் புத்தளம் மாவட்டக் கரையில் நின்று நோக்குதல் பயனுடையது.

புத்தளக் கரையைத் தெரிந்துகொள்வது வலிந்து செய்த பொருத்தமன்று. மாவட்டத்தின் தென்புறத்தே அமைந்த வென்னப்புவ, மாரவில ஆகிய ஊர்களை இலங்கையர் ‘சின்ன இத்தாலி’ என வழங்குகின்றனர். பெரும்பாலும் சிங்களம் பேசும் கத்தோலிக்கர் வாழும் இவ்வூர்களிலிருந்து, சிறப்பாக 1980களிலிருந்து, ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்குச் சென்றனர். 1990ஆம் ஆண்டின் ‘மார்த்தெல்லி சட்டம்’ அங்கு உரிய பத்திரமின்றி வாழ்ந்த வெளிநாட்டார் பலருக்குத் தங்கும் உரிமை அளித்தது. மீன்பிடி வள்ளங்களில் மறைவாகக் கடல் கடந்தவரும் உளர். இன்று இத்தாலியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வாழ்கின்றனர். மிலான், றோம், நேப்பிள்ஸ், வெரோனா, கத்தானியா ஆகிய நகரங்களில் இவர்களுட் பெருந்தொகையினர் செய்யும் தொழில் இல்லப்பணியும் முதியோர் பராமரிப்பும் ஆகும். அஃதாவது இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நூல்வழி இத்தாலியச் சமையலைக் கற்றவர் ஒருபுறமிருக்க, புத்தளக் கரையார் அதனை அந்நாட்டு வீடுகளின் அடுப்படியிலே நின்று கற்றனர்.

இத்தாலியச் சமையல் நூல் மரபின் தோற்றுவாய் பெல்லெகிரீனோ ஆர்த்தூசி (1820-1911) என்பார். றொமாஞாப் பகுதியிலுள்ள போர்லிம்பொப்பொலி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1851இல் ‘இல் பஸ்ஸத்தோரே’ எனப் பெயர்பெற்ற கொள்ளைக்காரன் அவ்வூரைச் சூறையாடியபோது ஆர்த்தூசியின் இல்லமும் தப்பவில்லை. அதிர்ச்சியால் அவருடைய சகோதரியொருத்தி மனநிலை பிறழ்ந்தார். குடும்பம் புளோரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வணிகத்திற் பொருளீட்டி ஓய்வுபெற்ற ஆர்த்தூசி முதலில் இலக்கியத்திலே கைவைத்தார். உகோ பொஸ்கொலோ என்னும் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை 1878இல் வெளியிட்டார். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1891இல், தம் சொந்தச் செலவில், ‘சமையலறையில் விஞ்ஞானமும் நன்கு உண்ணும் கலையும்’ என்னும் பொருள்படும் பெயருடைய நூலை அச்சிட்டார். திறனாய்வாளராகத் தோற்ற ஒருவர் சமையல் நூலாசிரியராக நிலைபெற்றமை இலக்கிய மாணவருக்குச் சற்றே ஆறுதலோ எச்சரிக்கையோ தரக்கூடிய செய்தி.

முதற் பதிப்பில் 475 பாகங்கள் இருந்தன. அவருடைய இறுதிக்காலப் பதிப்பில் அவை 790 ஆயின. இவ்வளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதே முக்கியமானது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர், சிறப்பாகப் பெண்கள், அவருக்குக் கடிதம் எழுதினர். தத்தம் ஊர்ப் பாகங்களை அனுப்பினர். அவர் கூறியவற்றைத் திருத்தினர். ஆர்த்தூசி தம் வீட்டில் அவற்றைச் செய்வித்துப் பார்த்துத் தக்கவற்றைச் சேர்த்தார். ஆசிரியர் பெயர் ஒன்றாயினும் ஆக்கம் பலருடையது. நாட்டார் பாடற்றொகுப்புகளின் ஆக்கமுறையோடு இதனை ஒப்பிடுதல் தகும்.

நூலின் நடை தனிச்சுவை வாய்ந்தது. காய்கறிச் சூப்பாகிய ‘மினெஸ்ட்ரோனே’யின் செய்முறையை அவர் ஒரு கதையோடு தொடங்குகிறார். 1855இல் லிவோர்னோ நகரில் ஓரிடத்தில் அதனை உண்டபின் அவருக்கு வயிற்றுக்கோளாறு ஏற்பட்டது. பழியைச் சூப்பின்மேற் போட்டுவிட்டு மறுநாள் புளோரன்ஸுக்குத் திரும்பினார். பின்னரே லிவோர்னோவிற் கொள்ளைநோய் பரவியதும், அவர் தங்கிய விடுதிக்காரர் அதனால் இறந்ததும் தெரியவந்தன. சமையற் குறிப்பு என்னும் வறண்ட வடிவம் இங்கு வரலாற்றுக் குறிப்பாகவும் தன்னெள்ளலாகவும் மாறுகின்றது. பிற்காலத்துச் சமையல் நூல்கள் பல இந்நடையைப் பின்பற்ற முயன்று வெறும் வம்பளப்பாய் முடிந்தன. ஆர்த்தூசியிடத்துக் கதை உணவிலிருந்து பிறக்கின்றது. பின்வந்தோரிடத்து உணவு கதைக்குச் சாட்டாகின்றது.

இன்னுமோர் இடம் புத்தளக் கரையாருக்கு நெருக்கமானது. பலவகை மீன்களைச் சேர்த்துச் செய்யும் ‘கச்சூக்கோ’ என்னும் மீன்குழம்பைப் பற்றிக் கூறுமிடத்து, இச்சொல் தஸ்கனிக் கரையாருக்கே விளங்கும் என்றும், மறுகரையாகிய ஆத்திரியாத்திக்கில் அதே பண்டத்தின் பெயர் ‘புரொதெத்தோ’ என்றும், புளோரன்ஸிலோ ‘புரொதெத்தோ’ என்றால் முட்டையும் எலுமிச்சஞ்சாறும் சேர்ந்த வேறொரு சூப்பு என்றும் அவர் குறைப்படுகின்றார். நாடு ஒன்றாயிற்று, மொழியும் ஒன்றாதல் வேண்டாமா என்பது அவர் ஆதங்கம். நூல் முழுவதையும் அவர் புளோரன்ஸின் பேச்சைத் தழுவிய பொது மொழியில் எழுதியமைக்கும், பிரெஞ்சுச் சமையற் சொற்களை விலக்கியமைக்கும் இதுவே அடிப்படை. 1970இல் வெளிவந்த பதிப்புக்கு முன்னுரை எழுதிய பியேரோ கம்பொரேசி, மன்சோனியின் புகழ்பெற்ற நாவலைவிட இச்சமையல் நூலே இத்தாலிய ஒருமைப்பாட்டுக்கு மிகுதியும் உதவியது என்ற கருத்தை முன்வைத்தார். மிகைக்கூற்றெனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயின் ஆர்த்தூசியின் இத்தாலி முழு இத்தாலியன்று. எமிலியா-றொமாஞாவும் தஸ்கனியுமே அதன் நடுவிடம். நேப்பிள்ஸும் சிசிலியும் இடையிடையே தலைகாட்டுகின்றன. தெற்கின் உட்பகுதிகள் ஏறத்தாழ இல்லை. கடிதம் எழுதக்கூடிய, நூல் வாங்கக்கூடிய நகர நடுத்தர வர்க்கத்தின் மேசைதான் அங்கு ‘தேசிய மேசை’யாக உருவெடுத்தது. அருச்சுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையொன்றில், இந்திய ஆங்கிலச் சமையல் நூல்களை ஆராய்ந்து, தேசியச் சமையல் என்பதும் பிராந்தியச் சமையல் என்பதும் நகர நடுத்தர வர்க்கத்தின் கையில் ஒருங்கே உருவாகின்றன என்று காட்டினார். ஆர்த்தூசி விடயத்திலும் இக்கருத்து பொருந்துகின்றது.

பிராந்தியம் என்னும் எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. இத்தாலியச் சுற்றுலாக் கழகம் 1931இல் உணவு வழிகாட்டியொன்றை வெளியிட்டது. 1953இல் ஓரியோ வேர்கானி மிலானில் இத்தாலியச் சமையற் கழகத்தை நிறுவினார். 1967இல் அன்னா கொசெத்தி தெல்லா சால்தா இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாகங்களைப் பிராந்தியவாரியாகத் தொகுத்தார். பெரும்பாலான பிராந்தியங்கள் நிருவாக அலகுகளாக முழுமையாகச் செயற்படத் தொடங்கியது 1970இலேயே என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. அதற்கு முன்னர் உணவுக்கு அடையாக வழங்கியவை பெரும்பாலும் நகரப் பெயர்களே: பொலோஞாவினது, ஜெனோவாவினது, லிவோர்னோவினது. அல்பேர்ட்டோ கிராந்தி 2018இல் வெளியிட்ட நூலில் ‘தொன்மை’ எனப் போற்றப்படும் பண்டங்கள் பல அண்மைக்காலத்தன என வாதிட்டுப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தார். அவர் சில இடங்களில் எல்லை மீறினாரெனினும், பிராந்தியச் சமையல் இயற்கையாய் விளைந்த கனியன்று, எழுதி உருவாக்கப்பட்டது என்ற அடிப்படை உண்மையை மறுத்தல் அரிது.

ஆங்கில வாசகரை இந்நூல்கள் ஈர்த்தமைக்கு எலிசபெத் டேவிட்டின் ‘இத்தாலிய உணவு’ (1954) நல்ல சான்று. போருக்குப் பின்னரும் நீடித்த உணவுப் பங்கீடு பிரித்தானியாவில் முற்றாக நீங்கிய அதே ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. ஒலிவ எண்ணெயும் வெள்ளைப்பூடும் அரியனவாயிருந்த நாட்டில் அது செய்முறை நூலாக மட்டுமன்றி ஏக்க நூலாகவும் வாசிக்கப்பட்டது. ஓவியர் றெனாத்தோ குத்தூசோவின் படங்கள் அதற்கு அழகு சேர்த்தன. இத்தாலியச் சமையல் என ஒன்றில்லை, தனித்தனி ஊர்களின் சமையல்களே உள்ளன என்ற கருத்தை ஆங்கிலத்தில் அழுத்தமாகப் பரப்பியவர் அவரே.

மார்செல்லா ஹஸான் (1924-2013) இவ்வரிசையில் வேறுபட்டவர். ஆத்திரியாத்திக் கரையிலுள்ள மீன்பிடி ஊராகிய செசெனாத்திக்கோவிற் பிறந்து, இயற்கை விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மணமாகி அமெரிக்கா சென்ற பின்னரே சமைக்கத் தொடங்கியவர். 1973இல் வெளிவந்த அவருடைய முதல் நூலை அவர் இத்தாலிய மொழியில் எழுதக் கணவர் ஆங்கிலமாக்கினார். தக்காளி, வெண்ணெய், வெங்காயம் ஆகிய மூன்றே பொருள்களால் அவர் கூறிய சுவைக்குழம்பு பெரும்புகழ் பெற்றது. டேவிட் நிலக்காட்சியை எழுதினார். ஹஸான் கையின் செயலை எழுதினார். வெங்காயம் எந்நிறம் அடையும்வரை வதக்கவேண்டும், அடுத்த பொருளை எக்கணத்தில் இடவேண்டும் என்பவற்றை அவர் கூறும் கண்டிப்பு ஆய்வுகூடக் கண்டிப்பை ஒத்தது. புலம்பெயர்ந்தவரின் நினைவு இவ்வாறுதான் துல்லியம் பெறுகின்றது போலும். ஊரில் இருப்பவருக்குக் கண்ணாற் பார்த்தாற் போதும். ஊரை விட்டு வந்தவர் அதனைச் சொல்லாக்க வேண்டியவராகின்றார்.

இவ்விடத்து மொழி பற்றிய ஒரு குறிப்பு இன்றியமையாதது. இத்தாலியச் சமையற் குறிப்புகளில் உப்புக்கும் எண்ணெய்க்கும் எதிரே ‘போதுமான அளவு’ என்னும் பொருளுடைய இரண்டெழுத்துச் சுருக்கம் வரும். தமிழ் அடுக்களையில் இதற்கு ஒத்த சொல் ‘பதம்’. பாகு பதம், மா பதம், சோற்றுப் பதம் எனப் பல பதங்கள் உள. அளவுகோலாற் கூறமுடியாததை அனுபவத்தின்பால் விட்டுவிடும் சொல் இது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) தமிழிற் பெற்ற வெற்றிக்குக் காரணம், பதத்தை அளவாக்கிக் காட்டியமையே. கூட்டுக்குடும்பத்திற் பாட்டியிடம் கற்கும் வாய்ப்பை இழந்து நகரங்களிலும் வெளிநாடுகளிலும் தனித்து வாழத் தலைப்பட்ட இளம் மனைவியருக்கு அது பாட்டியின் இடத்தைப் பிடித்தது. அதுவும் ஒரு பிராந்திய நூலே. இன்னும் சரியாகக் கூறின், ஒரு பிராந்தியத்தின் ஒரு சாதியாரின் நூல். தலைப்பு மட்டும் அதனைக் கூறுவதில்லை.

இலங்கையிலோ நிலைமை வேறு. 1929இல் ஹில்டா டொயிட்ரம் தொகுத்த ‘சிலோன் டெயிலி நியூஸ்’ சமையல் நூலும், 1968இல் வெளிவந்த சந்திரா திசாநாயக்காவின் ‘சிலோன் குக்கரி’யும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலங்கற்ற நகர இல்லங்களிற் செல்வாக்குப் பெற்றவை. யாழ்ப்பாணத் தமிழரின் பாகங்களை நேசா எலியேசர் 2003இல் ஆங்கிலத்திற் பதிப்பித்தார். இவை தத்தம் அளவில் மதிப்புடையன. ஆயினும் இலங்கை உணவு பற்றிய எழுத்தின் பொதுப்போக்கை நோக்குங்கால் ஓருண்மை புலனாகும். அங்கு உணவுக்கு அடைமொழி ஊரன்று, இனம். சிங்களச் சமையல், தமிழ்ச் சமையல், முஸ்லிம் சமையல், பறங்கியர் சமையல், மலாயர் சமையல் என்றே பகுப்பு அமைகின்றது. குடிசன மதிப்பீட்டுப் படிவத்தின் அட்டவணை அடுக்களைக்குள்ளும் நுழைந்துவிட்டது எனலாம். இத்தாலிய நூல்களில் எத்தனை புனைவு இருப்பினும், ஊரையும் கரையையும் அவை முன்வைத்தமை இவ்வொப்பீட்டிற் பெருஞ்சிறப்பாகத் தோன்றுகின்றது.

இன அட்டவணை புத்தளக் கரைக்கு ஒவ்வாது என்பதை அக்கரையின் அமைப்பே காட்டும். வடக்கே கற்பிட்டிக் குடாநாடும் அதனுள் அடங்கிய பெருங் கடனீரேரியும், புத்தளத்தின் உப்பளங்கள், முஸ்லிம்கள் செறிந்த புத்தளம் நகர், தெற்கே திரௌபதி அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற தமிழ்க் கிராமமாகிய உடப்பு, முன்னேசுவரத்தை அணித்தே கொண்ட சிலாபம், அதற்கும் தெற்கே தென்னஞ்சோலைகளினூடே கத்தோலிக்கக் கோயில்கள் நிரைநிரையாக நிற்கும் மாரவிலவும் வென்னப்புவவும். இத்தென்பகுதியிற் சில தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழ் வீட்டுமொழியாக வழங்கிய கிராமங்கள் பாடசாலை, கோயில் ஆகியவற்றின் வாயிலாகச் சிங்களத்துக்கு மாறின என்பது சமூகவியலாளர் நன்கறிந்த செய்தி. மொழி மாறியபோது உலை மாறிவிடவில்லை. பிட்டும் இடியப்பமும் அப்பமும் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே பெயருடன் வழங்குகின்றன. மீன் எம்மொழியாரின் வலையிற் பட்டதோ அம்மொழிக்குரிய சமையலாகிவிடும் என்று கொள்வது பேதைமை.

இம்மாவட்டத்தின் காலநிலை தெற்கே ஈரமும் வடக்கே வறட்சியுமாக மாறிச்செல்வது. ஈரவலயத்தின் மரமாகிய கொறுக்காயும் உலர்வலயத்தின் மரமாகிய புளியும் மீனுக்குப் புளிப்பூட்டும் இரு வழிகளாகும். உப்பும் கொறுக்காயும் இட்டு மீனைச் சாடியில் அடுக்கிப் பேணும் முறை மேற்குக் கரைச் சிங்களவரிடத்துண்டு. பழப்புளி கரைத்த மீன்குழம்பு வடபுலத்தார் வழக்கு. இத்தாலியில் வெண்ணெய் நாட்டுக்கும் ஒலிவ எண்ணெய் நாட்டுக்கும் இடையே கோடு கீறிக் காட்டாத நூலாசிரியர் இல்லை. புத்தளக் கரையிற் கொறுக்காயும் பழப்புளியும் எதிர்ப்படும் கோட்டைக் கீறிக் காட்டும் நூல் எழுதப்படுமாயின், அக்கோடு இன எல்லையோடு பொருந்துகின்றதா, மழை எல்லையோடு பொருந்துகின்றதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். இலங்கையிற் சிறிய கேள்வியன்று இது.

பெயர்களும் அவ்வாறே. தமிழ் இந்துக் குடும்பத்திற் குழம்பு என்றும் சொதி என்றும் வழங்குவதற்கு அயலிலே முஸ்லிம் இல்லங்களில் ஆணம் என்று பெயர். ‘ஆணம்’ தமிழகத்து முஸ்லிம்களிடத்தும் வழங்கும் பழஞ்சொல். கச்சூக்கோவும் புரொதெத்தோவும் ஆர்த்தூசியை இடர்ப்படுத்தியது போன்ற இடர்ப்பாடே இது. ஆயினும் அவர் கண்ட தீர்வு, அஃதாவது ஒரு பொதுமொழியைத் திணித்தல், இங்கு வேண்டற்பாலதன்று. ஆத்திரியாத்திக் கரையிலேயே புரொதெத்தோ துறைக்குத் துறை வேறுபடுகின்றது. அன்கோனாவிற் பதின்மூன்று வகை மீன் வேண்டும் என்பர். போர்த்தோ றெக்கனாத்தியில் தக்காளியை விலக்கிக் காட்டுக் குங்குமப்பூவால் நிறமேற்றுவர். சான் பெனெதெத்தோவிற் பச்சைத் தக்காளியும் வினாகிரியும் சேர்ப்பர். பின்வந்த நூலாசிரியர் இவ்வேறுபாடுகளை அழிக்காது அருகருகே வைத்தமையாலேயே அவர்தம் நூல்கள் ஆர்த்தூசியினதை விடப் பயனுடையவாயின. உடப்புக்கும் கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் அத்தகைய அருகமைவு வேண்டும்.

ஆயின், இடத்தை முதன்மைப்படுத்தும் இத்தாலிய முறைக்கும் எல்லையுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் அடுப்புகள் கற்பிட்டிச் சாலையோரத்து ஓலைக் குடிசைகளில் மூட்டப்பட்டன. நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் பலர் சூழ்ந்திருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் சாப்பாடும் வந்தோருக்கும் வரவேற்றோருக்கும் பொது. கறியின் கையளவு பொதுவன்று. அகதியாய் வந்த தாய்க்கு ஊர்ச்சமையல் என்பது தான் வாழாத ஊரின் சமையல். முகாமிலே பிறந்து வளர்ந்த மகளுக்கு ஊர் யாது? இத்தாலியப் பிராந்திய நூல்கள் இக்கேள்விக்கு ஆயத்தமில்லாதவை. அவற்றின் உலகில் மக்கள் அசைவதில்லை. அம்மையும் பாட்டியும் ஒரே மலைச்சரிவில் ஒரே மாவைப் பிசைந்துகொண்டிருப்பர்.

இவ்வசையாமை இத்தாலிக்கே பொய். 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் இத்தாலியர் நாட்டை விட்டுச் சென்றனர். இன்று சுவையுலகம் போற்றும் ‘பொலெந்தா’ என்னும் சோளக்களியையே அன்றாடம் உண்ட வெனெத்தோ, லொம்பார்தி உழவர் ‘பெலாக்ரா’ நோயாற் புத்தி மாறாட்டமடைந்து மாண்டனர். சோளத்தில் உள்ள உயிர்ச்சத்து உடலுக்கு எட்டாத வகையில் அமைந்திருந்தமையே அதற்குக் காரணம். ‘ஏழையின் சமையல்’ எனப் பிற்காலத்துச் செல்வர் கொண்டாடும் மரபின் அடியில் இப்பசி கிடக்கின்றது. ஆர்த்தூசி தம் கதைகளிலே அதற்கு இடமளிக்கவில்லை. டேவிட்டின் ஒளிமிகுந்த சந்தைக் காட்சிகளும் அதன்மேல் நில்லாது கடக்கின்றன. இதனை இவ்விலக்கியவகையின் பெருங்குறையாகவே கருதவேண்டும்.

நெய்தற்குரிய உணவு யாதெனக் கேட்பின், அகப்பொருள் இலக்கண மரபு மீனும் உப்பும் என்று நேரே விடைகூறாது, மீனையும் உப்பையும் விற்றுப் பெற்றவை என்று கூறும். உரையாசிரியரின் இந்நுட்பம் வியத்தற்குரியது. கடற்கரையான் தான் பிடித்ததையே உண்டு வாழ்பவனல்லன், விற்று உண்பவன். புத்தளக் கரையின் அண்மைக்கால வரலாறு முழுவதையும் இவ்வோரடியில் அடக்கலாம். 1980களிலிருந்து சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கண்டற்காடுகள் அழிக்கப்பட்டு இறால் பண்ணைகள் எழுந்தன, இறால் ஏற்றுமதியாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவப் பண்ணைகள் பல பாழாயின. கண்டலை நம்பி வாழ்ந்த நண்டும் மீன்குஞ்சும் மீளவில்லை. பின்னர் மீனுக்கும் உப்புக்கும் பதிலாக உழைப்பே விற்பனைக்கு வந்தது. வென்னப்புவப் பெண் மிலானில் விற்றது அதனையே.

அங்குதான் பிராந்தியச் சமையல் நூலின் நடுநாயகமான உருவம் ஐயத்துக்குள்ளாகின்றது. அந்நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு பாட்டி இருக்கின்றாள். ‘நொன்னா’ எனப்படும் அவளுடைய கையே மரபின் உறைவிடம். ஆனால் இன்றைய இத்தாலியில் அந்தப் பாட்டி தொண்ணூறு வயதினள். அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அவள் விரும்பும் பக்குவத்தில் அரிசிக் களியைக் கிளறித் தருபவள் பெரு நாட்டவளோ உக்கிரேனியளோ புத்தளம் மாவட்டத்தவளோ ஆவாள். அம்மூதாட்டியின் நாக்கு அறிந்த சுவையை, அவளுடைய பிள்ளைகள் மறந்துவிட்ட நிலையில், இப்பெண்ணின் கை அறிந்திருக்கின்றது. புகைப்படங்கள் மலிந்த பெருநூல்களில் இக்கையைக் காண்பது அரிது. ஊருக்குத் திரும்பி இத்தாலியப் பாணி மாடங்களுடன் வீடு கட்டியபின் அக்கை மீண்டும் தேங்காய்ப்பால் பிழிகின்றது. இரு கரைகளையும் அறிந்த அவ்வறிவு இரு நாட்டு நூலகங்களிலும் பதிவாகவில்லை.

கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கை முழுமைக்குமான இடவிவர அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் ஆக்கிய சைமன் காசிச்செட்டி, ஊர்களை அகரவரிசையில் அடுக்கும் உழைப்பை அஞ்சாதவர். அவர் பிறந்த கரையில் அத்தகைய பணியை உணவுக்குச் செய்யத் தனியொரு மேதை தேவையில்லை. ஆர்த்தூசியின் பிற்பதிப்புகள் உருவான முறையே போதும்: கடிதங்கள், திருத்தங்கள், மீண்டும் சமைத்துப் பார்த்தல். கொத்தும் சுண்டும் அளவைகளாக இருக்கட்டும். முதற்பால் எப்போது விடுவது என்பதில் உடப்பாரும் கற்பிட்டியாரும் முரண்பட்டால் இருவர் கூற்றும் அச்சேறட்டும். கூறியவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் இருத்தல் வேண்டும். இடம்பெயர்ந்தவராயின் இரண்டு ஊர்களும். மேற்குக் கடற்காற்றை நாடிவரும் உல்லாசப் பயணிகளுக்காகக் கற்பிட்டியில் எழுந்துள்ள விடுதிகள் ‘அசல் கரையோர உணவு’ என்ற அட்டையை மாட்டும் முன்னர் இது நடைபெறுமாயின் நன்று.

பெயர் பற்றிய இக்கோரிக்கைக்கு ஆர்த்தூசியின் வீட்டிலேயே முன்மாதிரி உண்டு. அவர் அடுப்படியில் நின்று உழைத்தவரல்லர். பாகங்களைச் செய்து பார்த்தவர்கள் அவருடைய பணியாளர்களாகிய பிரான்செஸ்கோ றுப்பில்லியும் மரியெத்தா சபத்தீனியும். மணமாகாது இறந்த ஆர்த்தூசி தம் நூலின் உரிமையை அவ்விருவருக்குமே எழுதிவைத்தார். 2007இல் போர்லிம்பொப்பொலியில் அவர் பெயரால் நிலையமொன்று திறக்கப்பட்டது. அங்கு வருவோருக்கு மாப்பிசையக் கற்பிக்கும் பெண்கள் தங்களை ‘மரியெத்தாக்கள்’ என்று அழைத்துக்கொள்கின்றனர்.